பாதி நேரம் சரி, வேலையும் பாதியாக வேண்டாமா?

மன அழுத்தத்தால் விடுப்பில் போனவர்களை மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ளும் மேலாளர்களுக்கும் மனிதவளப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் குழுவில் ஒருவர் இப்போது மருத்துவ விடுப்பில் இருக்கலாம். சான்றிதழில் மன அழுத்தம், கடும் சோர்வு, ஓய்வு தேவை என்று ஏதாவது எழுதியிருக்கும். இன்னும் சில வாரங்களில் அவர் திரும்பி வருவார். அன்றைக்கு நீங்கள் அவரிடம் சொல்லப்போவதை என்னால் ஊகிக்க முடிகிறது. “அவசரமே இல்லை. கொஞ்ச நாளைக்குப் பாதி நாள் வந்தால் போதும். மெதுவாப் பழகிக்கோங்க.” நல்ல மனதோடுதான் சொல்வீர்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். ஐந்தே வாரத்தில் நான் மறுபடியும் விடுப்பில் போய்விட்டேன்.

அப்புறம் இரண்டாவது முறை திரும்பி வந்தேன். அந்த முறை நிலைத்துவிட்டது, இன்றுவரை வேலையில் இருக்கிறேன். இரண்டு முறையும் அதே அலுவலகம், அதே நாற்காலி, அதே மேலாளர். முதல் முறை ஏன் சரிந்தது, இரண்டாம் முறை ஏன் நின்றது என்று பல மாதம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதல் முறை என் நேரத்தைக் குறைத்தார்கள், வேலையைக் குறைக்கவில்லை. இரண்டாம் முறை வேலையை முதலில் குறைத்தார்கள், நேரம் அதன் பின்னால் வந்தது. உங்களிடம் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதக் கடைசியில் கணக்கு முடிப்பது, அறிக்கை தயாரித்து மேலே அனுப்புவது, இடையில் வரும் நிலுவைகளைத் துரத்துவது என் வேலை. 11 வாரம் விடுப்பில் இருந்துவிட்டு ஒரு திங்கட்கிழமை காலை திரும்பப் போனேன். மேஜையை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள். கணினியைத் திறந்தேன். படிக்காத மெயில் 1,862 என்று காட்டியது. நான் இல்லாத நாட்களில் வந்த அத்தனையும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

சரி, மேலே இருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். மூன்றாவது மெயில் ஆறே வரி. ஒரு பழைய பாக்கியைப் பற்றியது. நான்காவது வரிக்கு வரும்போது முதல் வரி மறந்துவிட்டது. திரும்பப் படித்தேன். மறுபடியும் மறந்தது. அந்த ஆறு வரியை நான்கு முறை படித்தேன், கடைசி வரை அதில் என்ன கேட்கிறார்கள் என்று பிடிபடவில்லை. விடுப்புக்கு முந்தைய நாட்களில் இப்படிப்பட்ட மெயில்களைப் போகிற போக்கில் முடித்துவிடுவேன். பின்பக்கத்தில் ஒருவர் தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் ஒவ்வொரு முறையும் நெஞ்சில் வந்து விழுந்தது. ஒரு மணி நேரம் தாண்டியதும் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, திரும்பி வருகிறவர் நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வருகிறார் என்ற எண்ணம். முகம் தெளிந்திருக்கும், தூக்கம் வந்திருக்கும், வீட்டில் எல்லா வேலையும் செய்துகொண்டிருப்பார். ஆனால் நீண்ட நாள் அழுத்தம் கவனத்தையும் குறுகிய நேர ஞாபகத்தையும் அடித்துவிடும். ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பார்ப்பது, நடுவில் யாராவது கூப்பிட்டால் விட்ட இடத்துக்குத் திரும்புவது, நான்கு வேலையில் எது முதலில் என்று தீர்மானிப்பது எல்லாம் அந்தத் திறனில்தான் நிற்கின்றன. அலுவலக வேலையில் முக்கால்வாசி இவைதான். உடம்பு தேறிய பிறகும் இவை திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம், சிலருக்கு அதற்கும் மேல். கால் எலும்பு முறிந்தவர் மாவுக்கட்டோடு வந்தால் அவரை மாடிப்படி ஏறச் சொல்ல மாட்டீர்கள். எங்களுக்கு மாவுக்கட்டு இல்லை, அதனால் நாங்களே சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல வாயும் வருவதில்லை.

அந்தப் பாதி நாள் எப்படிப் போனது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், தொழிலே அதுதானே. பாதி நாள் என்றால் 4 மணி நேரம். தினமும் காலையில் குழுவின் மீட்டிங், வாரத்துக்கு இரண்டு முறை மற்றப் பிரிவுகளோடு மீட்டிங். சராசரியாக ஒரு மணி நேரம் அதில் போய்விடும். புது மெயிலுக்குப் பதில் எழுத ஒரு மணி நேரம். யாராவது வந்து ஒன்று கேட்பது, நான் இல்லாதபோது மாறியவற்றைத் தெரிந்துகொள்வது என்று இன்னொரு அரை மணி நேரம். மிச்சம் ஒன்றரை மணி நேரம். முழு நாள் இருக்கிறவருக்கும் இந்த இரண்டரை மணி நேரச் செலவு உண்டு, ஆனால் அவருக்கு மிச்சம் ஐந்தரை மணி நேரம் இருக்கும். அவர் ஐந்தரை மணி நேரத்தில் செய்யும் வேலை என் பெயரிலும் அப்படியே இருந்தது. நேரத்தைப் பாதியாக்கினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் பாதியாகாது, கால்வாசிக்கு வந்துவிடும். இதை என் மேலாளர் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. என்னால் முடியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

1 மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு எழுவேன். 11 வாரமாக என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர் எதிர் மேஜையில் இருப்பார். என் கோப்புகளில் பாதி இன்னும் அவரிடம்தான் இருந்தன. “போயிட்டு வாங்க” என்பார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவருக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை, அவர் சுமையிலிருந்து எதையும் எடுக்கவும் இல்லை. நான் வந்துவிட்டேன் என்ற செய்தி மட்டும்தான் அவருக்குக் கிடைத்தது. இரண்டாவது வாரம் நான் மடிக்கணினியை வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தேன். பாதி நாள் என்பது அதோடு முடிந்தது, ஆனால் ஏட்டில் தொடர்ந்தது.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை எனக்கு நல்ல நாளாக அமைந்தது. தூங்கி எழுந்தபோதே தலை லேசாக இருந்தது. ஒரு சிக்கலான கணக்கை ஒரே மூச்சில் முடித்தேன், சகஜமாகப் பேசிச் சிரித்தேன். மேலாளர் கடந்து போகும்போது, “இப்பதான் பழைய ஆளாத் தெரியுறீங்க” என்றார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது. மாலைக்குள் மாதக் கடைசி அறிக்கையை நானே பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டேன். வியாழக்கிழமையும் சமாளித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் சட்டைப் பொத்தான் போட கை வரவில்லை.

இதை உங்களில் ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இந்த நோயிலிருந்து மீள்கிறவர்களுக்கு நல்ல நாட்கள் வரும். அந்த நாளில் செலவழித்த சக்திக்கான வட்டி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வசூலாகும். அதனால் அன்றைய முகத்தைப் பார்த்து வேலையை ஏற்றாதீர்கள். பாராட்டுங்கள், சேர்ந்து சிரியுங்கள், ஆனால் அந்தக் கோப்பை மட்டும் அன்றைக்குக் கொடுக்காதீர்கள். வேலையின் அளவு எப்போது ஏறும் என்று எழுதி வைத்த தேதி இருந்தால் அந்தத் தேதியில் ஏறட்டும். அதற்கு முன்னால் அவரே வந்து கேட்டாலும் “அடுத்த வாரம் பேசலாமே” என்று சொல்கிற மேலாளர்தான் எங்களுக்குத் தேவை.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் சர்வதேச நோய்ப் பட்டியலின் 11-ஆம் பதிப்பில் ‘பர்ன் அவுட்’ என்பதற்கு ஒரு விளக்கம் எழுதியது. அதை ஒரு நோய் என்று சேர்க்கவில்லை, தொழில் சார்ந்த ஒரு நிலை என்று சேர்த்தது. சரியாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்பது அதன் சாரம். சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, தன்னால் ஒன்றும் உருப்படியாக முடியவில்லை என்ற உணர்வு ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அந்த விளக்கத்தை நான் முதலில் படித்தபோது ‘பணியிட’ என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. சிகிச்சையும் ஓய்வும் என் பொறுப்பு, ஒத்துக்கொள்கிறேன். பணியிடம் என்ற சொல் இருக்கும் பக்கம் உங்களுடையது. அங்கே கை வைக்க என்னால் முடியாது. அதே நிறுவனம் 2022-இல் பணியிட மனநலம் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும், விடுப்பிலிருந்து திரும்புகிறவர்களுக்கு சிகிச்சையோடு வேலையை மாற்றியமைக்கும் உதவியும் சேர்ந்து கிடைப்பது பற்றிப் பேசுகிறது. மனச்சோர்வு நோயாலும் பதற்றத்தாலும் உலகம் முழுக்க ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்ற மதிப்பீடும் அப்போது வந்ததுதான். அந்த எண் பெரியதாக இருப்பதால் மனதில் ஒட்டாது. என்னுடைய கணக்கில், இரண்டாவது விடுப்பின் 8 வாரமும் தவிர்த்திருக்கக்கூடியவை. அது எனக்கு ஒட்டுகிறது.

சரி, இரண்டாம் முறை என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

நான் திரும்புவதற்குப் பத்து நாள் முன்பு என்னை ஒரு மணி நேரம் வரச் சொன்னார்கள். மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர், மேலாளர், நான். மருத்துவர் எழுதிக் கொடுத்த கடிதத்தில் நோயைப் பற்றி ஒன்றும் இல்லை, என்ன செய்யலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று மட்டும் இருந்தது. மேலாளர் ஒரு தாளை எடுத்து என் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். 14 வந்தன. அவருக்கே ஆச்சரியம், அவர் 8 இருக்கும் என்று நினைத்திருந்தார். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரில் மூன்றில் ஒன்றை எழுதினோம்: இப்போதே, பிறகு, இனி உங்களுடையது இல்லை. ‘இப்போதே’ என்று இரண்டுதான். மாதக் கடைசிக் கணக்கு ‘பிறகு’ என்ற இடத்துக்குப் போனது, அதுவும் ஐந்தாவது மாதத்தில்தான் என்று தேதியோடு. ‘இனி உங்களுடையது இல்லை’ என்று நான்கு. அதில் ஒன்று வாரா வாரம் நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தயாரித்த ஒரு அறிக்கை. நான் இல்லாத மாதங்களில் அது வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அதை நிறுத்திவிட்டார்கள்.

முக்கியமான விஷயம், ‘பிறகு’ என்று எழுதிய ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் அதுவரை பார்த்துக்கொள்கிறவரின் பெயர் எழுதப்பட்டது. மூன்று வேலைகளுக்குப் பெயர் எழுத ஆள் இல்லை. மேலாளர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “இதை நான் மேலே கொண்டுபோறேன்” என்றார். தற்காலிகமாக ஒருவரை எடுத்தார்கள். ஆள் கிடைக்காமல் போயிருந்தால் அந்த வேலை தாமதமாகும் என்று மேலே சொல்ல வேண்டியது அவருடைய பொறுப்பு என்பதையும் அன்றைக்கே பேசிக்கொண்டோம். முதல் முறை இந்த உரையாடல் நடக்கவே இல்லை. பெயர் எழுதப்படாத வேலை எல்லாம் சத்தமில்லாமல் என் தலைக்கும் எதிர் மேஜைக்காரர் தலைக்கும் வந்து சேர்ந்தது அதனால்தான்.

நேரத்துக்கும் படி போட்டோம். முதல் இரண்டு வாரம் திங்கள், புதன், வெள்ளி, நாளுக்கு 2 மணி நேரம். நடுவில் ஒரு நாள் இடைவெளி இருந்தது பெரிய உதவி, நேற்றைய உழைப்பு உடம்பில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க முடிந்தது. பிறகு நாளுக்கு 3 மணி நேரம், பிறகு நான்கு நாள், இப்படி ஏறி முழு நேரத்தைத் தொட 16 வாரம் ஆனது. ஒன்பதாவது வாரத்தில் ஒரு படி பின்னால் இறங்கினேன். அதற்குப் புதுச் சான்றிதழ் வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், வாரக் கடைசியில் நடக்கும் கால் மணி நேரப் பேச்சில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தாளிலேயே எழுதியிருந்தது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான் இறங்கியிருக்க மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, மறுபடியும் விழுந்திருப்பேன்.

அந்த முதல் நாளில் கணினியைத் திறக்கப் பயந்துகொண்டே போனேன். மெயில் பெட்டி காலியாக இருந்தது. பழையவற்றை எல்லாம் ஒரு தனிக் கோப்புறையில் போட்டு மூடியிருந்தார்கள். “அதை நீங்க திறக்கவே வேண்டாம். அதுல முக்கியமானது மூணு. நானே சொல்லிடறேன்” என்று மேலாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார். பத்து நிமிடம்தான் ஆனது. இத்தனை மாதத்தில் எனக்கு யாரும் செய்த உதவிகளில் அந்தப் பத்து நிமிடத்தை முன்னால் வைப்பேன்.

பிற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பிறகு தேடிப் படித்தேன். பிரிட்டனில் 2010 முதல் மருத்துவர் தரும் சான்றிதழில், வேலைக்குத் தகுதி இல்லை என்பதோடு, சில மாற்றங்கள் செய்தால் வேலைக்கு வரலாம் என்று குறிக்கவும் இடம் இருக்கிறது. படிப்படியாகத் திரும்புவது, வேலை நேரத்தை மாற்றுவது, வேலையை மாற்றுவது, பணியிடத்தில் வசதிகள் செய்து தருவது என்று டிக் போட நான்கு கட்டங்கள். படிப்படியாகத் திரும்புவதும் வேலையை மாற்றுவதும் தனித்தனிக் கட்டங்கள் என்பதைக் கவனியுங்கள். ஒன்றில் மட்டும் குறியிட்டுவிட்டு மற்றதும் நடந்துவிட்டதாக நினைப்பதுதான் என் விஷயத்தில் நேர்ந்த தவறு.

ஜெர்மனியில் ‘ஹாம்பர்க் மாதிரி’ என்று ஒரு முறை இருக்கிறது. மருத்துவர், ஊழியர், நிறுவனம் மூவரும் ஒத்துக்கொண்ட திட்டத்தின்படி நாளுக்குச் சில மணி நேரத்தில் ஆரம்பித்து வாரக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்தப் படிகளில் இருக்கும் காலம் முழுக்க சட்டப்படி அவர் இன்னும் வேலைக்குத் தகுதியில்லாதவர்தான், வழக்கமாக நோய்க்கால உதவித்தொகைதான் பெறுவார். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவர் வந்து உட்கார்ந்தாலும் அவரை ஒரு முழு ஆளாகக் கணக்கில் எடுக்க முடியாது, அவர் செய்வது எல்லாம் கூடுதல்தான். ஒரு வேலை முடியாமல் போனால் அது அவர் குற்றம் ஆகாது. என் முதல் திரும்புதலில் இல்லாமல் போனது இந்த ஒரு புரிதல்தான். நான் வந்த திங்கட்கிழமையே என்னை ஆள் எண்ணிக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

ஸ்வீடனில் நோய்க்கால உதவித்தொகையை முழுதாக, முக்காலாக, பாதியாக, காலாகப் பெறலாம். மீதி நேரம் வேலை செய்யலாம். பின்லாந்து 2007-இல் பகுதி நேர நோய்க்கால உதவித்தொகையைக் கொண்டுவந்தது. நெதர்லாந்தில் 2002 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, ஊழியர் நோயில் விழுந்த எட்டு வாரத்துக்குள் நிறுவனமும் அவரும் சேர்ந்து திரும்புவதற்கான திட்டத்தை எழுதியாக வேண்டும். இந்த மூன்று நாடுகளிலும் பணம் என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. பாதி நாளுக்குப் பாதிச் சம்பளம் என்று மட்டும் சொல்லிவிட்டால், வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் இருக்கிறவர் மூன்றாவது வாரமே “நான் சரியாயிட்டேன்” என்று சொல்லிவிடுவார். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள், அவருக்கு வேறு வழி இல்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தில் இதற்கு இடம் இல்லையென்றாலும், சேர்த்து வைத்த விடுப்பை அரை நாளாகப் பிரித்து எடுக்க விடுவது, முதல் இரண்டு மாதமாவது சம்பளத்தைக் குறைக்காமல் இருப்பது போன்றவை உங்கள் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. இரண்டாவது முறை ஒருவர் விடுப்பில் போவதைவிட அதற்குச் செலவு குறைவு.

இனி சக ஊழியர்களைப் பற்றி. அவர்களுக்கு என்ன சொல்வது என்பதைத் திரும்பி வருகிறவரிடம் கேட்டு, அவர் சொல்கிற வார்த்தையிலேயே சொல்லுங்கள். நோயின் பெயர் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. எந்த வேலை யாரிடம் இருக்கிறது, எத்தனை மணிக்கு அவர் கிளம்புவார், அது எப்போது மாறும் என்பதுதான் அவர்களுக்குத் தேவை. என் விஷயத்தில் மேலாளர் இதைக் குழுவின் கூட்டத்தில் நான் இருக்கும்போதே சொன்னார், எதிர் மேஜைக்காரரிடமிருந்து என்னென்ன எடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்து. அன்றைக்கு மாலை அவர் என்னிடம் வந்து, “அப்பாடா, இப்பதான் புரியுது” என்றார். அதுவரை அவரும் என்னைப் போலவே தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். விடுப்பில் போனவரைப் பார்த்துக்கொள்ளும் அவசரத்தில் அவருடைய சுமையைத் தாங்கியவரை மறந்துவிடாதீர்கள். அடுத்த சான்றிதழ் அவரிடமிருந்து வரலாம்.

எங்களிடம் “ரெடியா?” என்று கேட்காதீர்கள். அதற்கு நாங்கள் சொல்லும் பதில் எப்போதும் “ரெடி”தான். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், இவ்வளவு நாள் மற்றவர்களைக் கஷ்டப்படுத்திவிட்டோமே என்ற குற்ற உணர்வு இன்னொரு பக்கம். அதற்குப் பதில், எந்த வேலையை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது என்று கேளுங்கள். எந்த நேரத்தில் தலை தெளிவாக இருக்கிறது, எந்த மீட்டிங்கில் உட்கார்ந்தால் அன்றைய நாள் போய்விடுகிறது, யார் கூப்பிட்டால் போனை எடுக்கக் கை நடுங்குகிறது என்று கேளுங்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு உண்மையான பதில் வரும். கேட்ட பிறகு அதை எழுதி வையுங்கள், ஏனென்றால் நாங்கள் மறந்துவிடுவோம்.

திட்டத்தை நீங்களே உட்கார்ந்து போட்டு எங்கள் கையில் கொடுக்கவும் வேண்டாம். ராபர்ட் காராசெக் என்ற ஆய்வாளர் 1979-இலேயே எழுதியது, வேலையின் கெடுபிடி அதிகமாகவும் அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் அழுத்தம் மிக மோசமாகிறது என்று. திரும்பி வருகிறவரிடம் இருக்கும் தீர்மானிக்கும் உரிமையைத் திட்டம் என்ற பெயரில் பறித்துக்கொண்டால் மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வருவோம். காலையில் வருவதா மதியம் வருவதா என்பதை என்னிடம் விட்டார்கள். சின்ன விஷயம்தான். அதில் எனக்கு என் கால்கள் திரும்பக் கிடைத்தது போல இருந்தது.

மேஜை வேலை இல்லாதவர்களுக்கு இது பொருந்தாது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பொருந்தும், ஆனால் வேறு மாதிரி. செவிலியர் என்றால் முதல் வாரங்களில் வார்டின் ஆள் கணக்கில் சேராமல், இன்னொருவரோடு சேர்ந்து நிற்கலாம், இரவு ஷிப்டைக் கடைசியாகத் திரும்பக் கொடுக்கலாம். ஆசிரியர் என்றால் வகுப்பு ஆசிரியர் பொறுப்பும் தேர்வுத் தாளும் இல்லாமல் ஒரு பாடம் மட்டும் எடுக்கலாம். கடையில் நிற்பவர் என்றால் வாடிக்கையாளரின் கோபம் வந்து விழும் கவுண்டரைத் தவிர்த்து, சரக்கு அடுக்கும் பக்கம் சில வாரம் இருக்கலாம். வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன், எனக்கு அது ஒத்துவரவில்லை. வீட்டில் வேலைக்கு விளிம்பே இல்லை. வேறு சிலருக்கு அதுதான் மருந்தாக இருந்திருக்கிறது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. படிப்படியாகத் திரும்பும் திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தப் படிகள் ஏறிப்போய்ச் சேரும் இடம் பழைய இடமாகவே இருந்தால் என்ன பயன்? பர்ன் அவுட் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த கிறிஸ்டினா மஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் வேலையில் ஆறு இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: வேலைச்சுமை, தீர்மானிக்கும் உரிமை, உழைப்புக்குக் கிடைக்கும் பலன், சக மனிதர்களோடு உறவு, நியாயம், மதிப்பீடுகள். என் விஷயத்தில் சுமையும் நியாயமும்தான். மூன்று பேர் பார்த்த வேலையை இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம், அது இரண்டு ஆண்டாகத் தெரிந்தே நடந்தது. நான் 16-வது வாரத்தில் முழு நேரத்துக்கு வந்தபோது தற்காலிகமாக எடுத்தவரை அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அனுப்பவில்லை. அவர் இன்றும் என் பக்கத்து மேஜையில் இருக்கிறார். திட்டம் நல்லதாக இருந்தது உண்மைதான், ஆனால் நான் இன்றும் வேலையில் இருப்பதற்கு அவர் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒரு மணி நேரம். விடுப்பில் இருக்கும் அந்த ஊழியர் வரும் தேதிக்கு முந்தைய வாரத்தில் அதை ஒதுக்குங்கள். அவரையும் கூப்பிட்டு, அவருடைய வேலைகளை ஒரு தாளில் எழுதி, எது யாரிடம் போகிறது என்று பக்கத்தில் பெயர் எழுதுங்கள். பெயர் இல்லாமல் நிற்கும் வரிகளை மேலே கொண்டுபோங்கள். அவருடைய மெயில் பெட்டியைத் திறந்து முக்கியமான மூன்றை நீங்களே எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
இரண்டாம் முறை திரும்பி வந்த ஒரு ஊழியர்